விசாக்காரனின் இடது கண்

கச்சேரியில் எட்டாம் இலக்க மேசை.
நிரோஜினி என்று பெயர்ப்பலகை.
என் மகளை விட இளசு.

"என்ன தேவைக்கு, ஐயா?"
குரங்குக்கு, என்றேன்.
வரணியில் இருபத்திரண்டு தென்னை.
ஒரு காய் முற்ற விடுகுதில்லை.
குரும்பட்டியிலேயே பிடுங்கி, நுனி கடித்து,
என்னைப் பார்த்துக்கொண்டே எறியுது.
ஒரு காற்றுத் துவக்கு போதும், பிள்ளை.
கொல்ல இல்லை. சும்மா வெருட்ட.

கடவுச்சீட்டைத் திறந்தாள்.
சிவப்பு மட்டையில் வெள்ளைச் சிலுவை.
முத்திரைகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டி
"நீங்கள் வதிவிட விசாவில எல்லோ இருக்கிறியள்" என்றாள்,
எனக்கு இருப்பதே தெரியாத வருத்தமொன்றைச்
சொல்ல வந்த டாக்குத்தர் போல.
"வெளிநாட்டுக்காரருக்கு எண்டால்
கொழும்புக்கு எழுதிக் கேக்க வேணும்.
எதுக்கும் படிவத்தை நிரப்புங்கோ."

வெளிநாட்டுக்காரர்.
திரும்பிப் பார்த்தேன்,
பின்னால் ஆரும் நிற்கிறார்களோ என்று.

அங்கேயும் ஒரு பட்டியல் இருந்தது.
துவக்கு வாங்கக் கூடாத நாட்டவர் என்று;
எங்கட நாடும் அதில்.
பதினான்கு வருடம் சமையலறையில் நின்றேன்.
இறைச்சி வெட்டும் கத்தி மட்டும்
எந்த அளவிலும் தந்தார்கள்.
கீழ்வீட்டு ஹான்ஸ் தன் படைத் துவக்கை
நிலவறையில், அப்பிள் பெட்டிகளுக்குப் பக்கத்தில்
சாத்தி வைத்திருந்தார்.
உருளைக்கிழங்கு எடுக்கப் போனால்
அதைப் பாராமல் எடுப்பேன்.

பேந்து குடியுரிமை. பேந்து மகன் வளர்ந்தான்.
படைப்பயிற்சிக்குப் போய்
தோளில் துவக்கோடு ரயிலால் இறங்கினான்.
ஒருவரும் விலகவில்லை. பேப்பர் படித்தார்கள்.
அவனுடைய அலுமாரியில்
சப்பாத்துப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றது அது.
மனைவி அந்த அறையைக் கூட்டும்போது
அலுமாரியை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுவாள்.

படிவம். பதினோராவது கேள்வி.
சுடுகலன்களைக் கையாண்ட முன் அனுபவம் உண்டா?
ஆம் / இல்லை.
பொருந்தாததை வெட்டிவிடுக.

முன்பும் கேட்டார்கள் இதை.
எண்பத்தாறு, பேர்ண் நகரம், யன்னலுக்கு வெளியே பனி.
மொழிபெயர்ப்பாளர் மதுரைப் பக்கம்.
"துப்பாக்கி வைத்திருந்தீர்களா?"
இல்லை என்றேன்.
பொய்யில்லை.
எங்கட வீட்டு ஓலை அடுக்குக்குள்
பதினொரு நாள் கிடந்தது
துவக்கு.

கடாட்சம் கொண்டுவந்து வைத்தது.
என்னோடு ஏ-எல் படித்தவன்,
கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.
ஒரு இரவு பனங்கூடலுக்குள் கூட்டிப்போனான்.
தோளைத் தளர விடு.
இடது கண்ணை மூடு.
மூச்சைப் பாதியில் பிடி.
ஒரேயொரு வெடி.
ஆற்றையோ முட்டி உடைந்து
விடியவிடிய மரம் வழிய வடிந்தது கள்ளு.
பன்னிரண்டாம் நாள் வந்து எடுத்துப்போனான்.
அதற்குப் பிறகு அவனைப் பற்றி
எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை.

சுடுகலன் என்ற சாமானை
நான் கண்ணாலும் கண்டதில்லை.
"ஆம்" என்பதை வெட்டினேன்.
தமிழில் கையெழுத்து வைத்தேன்.
"கடவுச்சீட்டில இப்பிடி இல்லையே, ஐயா,
அதிலை இருக்கிற மாதிரி வையுங்கோ."
வைத்தேன்.

"பதில் வர நாலைஞ்சு மாசம் எடுக்கும்" என்றாள்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"அதுவரைக்கும் கெற்றப்போல் அடியுங்கோ.
அதுக்கு ஒண்டும் தேவையில்லை."

கொடிகாமத்துச் சந்தையில் ஒன்று வாங்கினேன்.
விடிய, தண்ணீர்த் தாங்கிக்கு மேல்
கால் மேல் கால் போட்டபடி அது.
கல்லை வைத்து றப்பரை இழுத்தேன்.

தோள் தளர்ந்தது.
இடது கண் தன்பாட்டில் மூடியது.
மூச்சு பாதியில்.

குரங்கு
மெல்லுவதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தது.